ஆவித்தைலம், புழுவைப்பு: இரண்டு சொற்களுக்கான முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

கால்நடைப் புண்களில் ஈக்கள் இடும் முட்டையிலிருந்து வரும் புழுக்களைத் தாவர எண்ணெய்களால் ஒழிப்பது பற்றிய கட்டுரைக்கு, எசென்ஷியல் ஆயில், மையாசிஸ் என்ற இரண்டுக்கும் தமிழ்ச் சொற்கள் வேண்டும் என்று அம்மையார் ஒருவர் கேட்டிருந்தார். தாவரத்திலிருந்து வடித்தெடுக்கும், எளிதில் ஆவியாகும் எண்ணெயான எசென்ஷியல் ஆயில் என்பதற்கு இதுவரை வந்த பரிந்துரைகளில் ‘அத்தியாவசிய எண்ணெய்’ என்பதை முதலிலேயே விலக்கிவிட வேண்டும். இங்கே எசென்ஷியல் என்பது தாவரத்தின் சாரத்தைக் குறிக்கிறது. இன்றியமையாமை என்ற பொருளுக்கு இதில் இடமே இல்லை. ‘நறுமண எண்ணெய்’ கேட்க இனிமையானதுதான். ஆனால் வாசனை சேர்த்த கூந்தல் எண்ணெயும் அந்தப் பெயருக்குள் அடங்கிவிடும். புழுப் பிடித்த புண்ணுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும், பைன் மரப் பிசினிலிருந்து வடிக்கும் டர்பன்டைனை நறுமணம் என்று யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள்.

என் பரிந்துரை ‘ஆவித்தைலம்’. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்துத் தமிழர்களான எங்களுக்குத் தைலம் என்ற சொல் இரண்டு பக்கமும் இழுக்கிறது. எலுமிச்சைப் புல்லைக் காய்ச்சி வடிப்பதை மலையாளத்தில் புல்தைலம் என்கிறார்கள். நாமும் யூகலிப்டஸ் தைலம், கிராம்புத் தைலம் என்று சொல்கிறோம். அதே வேளையில், ஆயுர்வேதக் கடையில் தைலம் கேட்டால் மூலிகையோடு சேர்த்துக் காய்ச்சிய நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோதான் கைக்கு வரும். அது ஆவியாகாத எண்ணெய். ஆகவே ‘ஆவி’ என்ற முன்னொட்டு இல்லாமல் தைலம் தனியே நிற்க முடியாது. நீராவியில் வடிப்பது, காற்றில் ஆவியாவது என்ற இரண்டு இயல்புகளையும் அந்த ஒரே முன்னொட்டு சொல்லிவிடுகிறது. தைலம் வடசொல் என்ற மறுப்பு எழலாம். திலம் என்றால் எள். எள்ளின் நெய்தான் எண்ணெய். பிறப்பில் இரண்டும் எள்ளிலிருந்தே வந்திருப்பதால், வழக்கில் எது பொருந்துகிறது என்பதையே நான் பார்க்கிறேன்.

இந்த வேறுபாட்டை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு மருத்துவக் காரணம் உண்டு. வேப்பெண்ணெயும் புங்க எண்ணெயும் ஆவித்தைலங்கள் ஆகா. அவை விதையைப் பிழிந்து எடுக்கும் நிலையான எண்ணெய்கள். புண்ணுக்குள் புழு தலையைத் தசைக்குள் புதைத்து, பின்முனையில் உள்ள மூச்சுத் துளைகளை வெளிப்புறம் வைத்திருக்கும். எண்ணெய் எதுவானாலும் அந்தத் துளைகளை அடைத்து அதற்கு மூச்சுத் திணறலை உண்டாக்கலாம். ஆவித்தைலம் இதற்கு மேலும் வேலை செய்கிறது. கிராம்பின் யூஜினால், எலுமிச்சைப் புல்லின் சிட்ரால் போன்ற சேர்மங்கள் புழுவின் உடலுக்குள் ஊடுருவுகின்றன. இவ்வகைச் சேர்மங்களில் சில, பூச்சிகளின் நரம்புகளில் தூதாக இயங்கும் ஆக்டோபமைனின் செயலைக் குலைப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. இதன் குறையும் அதே ஆவியாகும் தன்மைதான்: விரைவில் பறந்துவிடுவதால் காப்பு நெடுநேரம் நிற்பதில்லை. வீட்டு வைத்தியத்தில் கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் கரைத்து இடுவது இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யும் நல்ல முறை. செறிவைக் குறைக்காமல் இட்ட தைலம் புண்ணை எரிக்கும் என்பதையும், பூனைகளுக்குக் கிராம்புத் தைலம் நஞ்சாகலாம் என்பதையும் கட்டுரையில் மறவாமல் சேர்க்க வேண்டுகிறேன்.

அடுத்தது மையாசிஸ், அதாவது ஈயின் புழுக்கள் உயிருள்ள உடலில் தங்கி வளர்வது. கிரேக்க மொழியில் ஈயைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஹோப் என்பவர் 1840இல் இதை ஆக்கினார். ‘புழுப்புண்’ என்ற பரிந்துரை, கிரைசோமியா பெசியானா என்ற ஈயைப் பொறுத்தவரை மிகப் பொருத்தமானது. அது கோமாரியால் வெடித்த குளம்பிலோ, கொம்பு பட்ட கீறலிலோ ஒரே முறையில் 100 முதல் 250 வரை முட்டைகளை இடும். அவை ஒரு நாளுக்குள் பொரிந்து, உயிருள்ள தசையை ஐந்தாறு நாள் தின்னும். ஆனால் ஆட்டின் மூக்கில் ஈஸ்ட்ரஸ் ஓவிஸ் ஈ முட்டையிடாமல் உயிருள்ள புழுக்களையே விடுகிறது. அங்கே முதலில் புண்ணே இல்லை. மாடு வைத்திருப்பவர்கள் ‘புழு வச்சிருக்கு’ என்றுதான் சொல்கிறார்கள். அதைப் பெயராக்கிப் ‘புழுவைப்பு’ என்று கொண்டால், புண் புழுவைப்பு, மூக்குப் புழுவைப்பு என இரண்டும் இயல்பாக அமையும்.

இந்தப் புழுவைக் கொல்லும் மருந்துக்குப் ‘புழுக்கொல்லி’ என்று மட்டும் பெயரிடக் கூடாது; குடற்புழு மருந்தோடு குழம்பும். ‘ஈப்புழுக்கொல்லி’ என்போம். கொல்லாமல் புழுவை வெளியேறச் செய்யும் மருந்துக்கு ‘ஈப்புழு நீக்கி’ என்று தனிப் பெயர் தேவை. முதிர்ந்த புழு உயிரோடு தரையில் விழுந்தால் மண்ணுக்குள் சென்று கூட்டுப்புழுவாகி, மறுபடியும் ஈயாகிவிடும். கொன்ற புழுவையோ இடுக்கியால் எடுக்காவிட்டால் புண்ணுக்குள்ளேயே அழுகும். இரண்டு மருந்துக்கும் அடுத்துச் செய்ய வேண்டிய வேலை வேறுவேறாக இருப்பதால், ஒரே சொல்லால் இரண்டையும் குறிப்பதை நான் ஏற்க மாட்டேன்.

கம்பம், செங்கோட்டைப் பக்கத்து நண்பர்கள் ஆட்டு மூக்குப் புழுவுக்குத் தங்கள் ஊரில் வழங்கும் பெயரை எழுதினால், மூக்குப் புழுவைப்பு என்பதை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

அன்புடன்.