மழைக்கு முந்தின வேலைகள்: வன்னி வீடுகளில் புரட்டாதியில் இருந்து கார்த்திகை வரை

வட்டக்கச்சியில் இருந்து

புரட்டாதி பிறந்தால் எங்கள் வீட்டில் முதல் கதை விறகுதான். தென்மேற்கில் இருந்து வீசும் கச்சான் காற்று அடங்கி வெயில் மட்டும் எரிக்கிற அந்தக் கொஞ்ச நாட்களுக்குள் விறகு தாவாரத்துக்குள் போய்விட வேண்டும். ஐப்பசி மழை இறங்கிய பிறகு நனைந்த கட்டையை ஊதி ஊதிக் கண் சிவக்கப் போவது யார்? நான்தான். காஸ் அடுப்பு இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 2022இல் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற பிறகு மாமி காஸை நம்புவதை விட்டுவிட்டா.

குசினிக்குப் பின்னால் தகரம் இறக்கி, நிலத்தில் கல் வைத்து, அதன்மேல் அடுக்குவோம். கல் கறையானுக்காக மட்டும் இல்லை. மழை தொடங்கினால் பாம்பு ஒதுங்குகிற இடம் அது. கீழே இடைவெளி இருந்தால் டோர்ச் அடித்துப் பார்க்கலாம். மாமி விறகு எடுக்கப் போனால் தடியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் கை வைப்பா. பிள்ளைகளுக்கும் அதையே பழக்கியிருக்கிறா. ஒரு பின்னேரம் சின்னவள் தட்டியபோது உள்ளேயிருந்து பிரஷர் குக்கர் மாதிரி ஒரு சீறல். கண்ணாடிப் புடையன். பிள்ளை கத்தவே இல்லை, பின்னுக்கு நகர்ந்து வந்து "அப்பம்மா, உங்கட விறகுக்க ஆள் இருக்கு" என்றாள். அன்றைக்கு இரவு காஸில்தான் சமையல். மாமி ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்தது விதைநெல். காலபோகத்துக்கான, அதாவது மாரி மழையோடு செய்கிற பெரும்போக நெல்லுக்கான, கூட்டத்தில் விதைப்புக்குத் திகதி குறித்த கையோடு என் வீட்டுக்காரர் கையில் கலண்டர் ஏறிவிடும். ஏக்கருக்கு இரண்டு புசல் (நெல் அளக்கும் அளவு) போதும் என்று விவசாயப் போதனாசிரியர் வருசா வருசம் சொல்வார். இவர் தலையாட்டிவிட்டு வந்து மூன்று போடுவார். மயிலுக்கு ஒரு பங்கு, தனக்கு ஒரு பங்கு என்று அதற்கு ஒரு கணக்கு வேறு வைத்திருக்கிறார். சாக்கோடு நெல்லைத் தொட்டியில் ஒரு நாள் ஊறவிட்டு, வடியவைத்து, வைக்கோலால் மூடிப் பாரம் ஏற்றிவிடுவார். மறுநாள் அந்தச் சாக்குக்குள் கையை விட்டால் சூடு சுள்ளென்று இருக்கும். மழை இருட்டு, வீடெல்லாம் ஈரம், அந்தச் சாக்கு மட்டும் காய்ச்சல்காரப் பிள்ளையின் உடம்புச் சூட்டில் கிடக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகமுதல் ஆளுக்கொரு தரம் கையை விட்டுப் பார்ப்பார்கள். வெள்ளை முனை எட்டிப் பார்த்தால் அன்றைக்கு வயலுக்கு. முளை நீண்டுவிட்டால் வீசும்போது முறிந்துவிடும், அதனால் அந்த ஒரு நாளைத் தள்ளிப் போட முடியாது. அது கலியாண நாளாக இருந்தாலும் சரி.

விதைத்த பிறகு காலையும் பின்னேரமும் பறவை கலைக்க வேண்டும். பழைய தகரம் ஒன்றும் தடியும் மூத்தவனின் சொத்து. மயில் படத்தில்தான் அழகு என்று அவன் எப்போதோ முடிவெடுத்துவிட்டான்.

நவராத்திரி இதற்கு நடுவில் வரும். சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டு ஓடி வந்து கடலையும் கௌபியும் அவித்து, அவலுக்குச் சர்க்கரை பிசைந்து, சின்னவளைப் பாடசாலை வாணிவிழாவுக்கு வெளிக்கிடுத்துவதற்குள் பொழுது பட்டுவிடும். விஜயதசமி அன்று பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு எங்கள் வீட்டில்தான் ஏடு தொடக்கினோம். அரிசித் தட்டில் 'அ' எழுத விரலைப் பிடித்தால், குழந்தை அரிசியை அள்ளி வாயில் போட்டது. வன்னிப் பிள்ளை.

உங்கள் பக்கத்தில் இந்த மூன்று மாதமும் எப்படிப் போகும்? சமையல், வயல், பிள்ளைகள், பாம்பு, எதுவானாலும் எழுதுங்கள்.

பூநகரியில் இருந்து

எங்களுக்குக் குளமும் இல்லை, வாய்க்காலும் இல்லை, வானம் மட்டும்தான். அதனால் உங்களைப் போல முளைகட்டி வைத்துக்கொண்டு நாள் பார்ப்பதில்லை. புழுதியிலேயே விதைத்துவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டு இருப்போம். மழை பிந்தினால் அப்பா யாருடனும் பேச மாட்டார். மழை வந்தால் தேவையில்லாத கதையெல்லாம் வரும். அந்த நேரம் பார்த்துத்தான் அம்மா வீட்டுக்கு வேண்டிய சாமான் பட்டியலை எடுப்பா.

அப்பா இன்னும் ஒரு துண்டில் மொட்டைக்கறுப்பன் என்கிற பழைய நெல்லினம் விதைக்கிறார். உயர்ந்து வளரும், நாள் கூட எடுக்கும், விளைச்சல் புதிய இனங்களுக்குக் கிட்ட வராது. நான் அதைப் பற்றி அவரோடு வாதாடியதுண்டு. ஆனால் 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்திய போகத்தில், சுற்றிவர வயல்கள் மஞ்சள் பிடித்து நிற்க, அந்தத் துண்டு தன்பாட்டுக்கு நின்றது. அப்பா வாயால் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சிவப்பரிசி மாவில் பிட்டு அவித்த அன்று என்னைத்தான் முதலில் சாப்பிடக் கூப்பிட்டார்.

பிள்ளைகளின் வேலை என்றால் பனங்கிழங்குக்குப் போடுகிற பனம்பாத்தி. ஆவணியில் பனம்பழம் சூப்பி எறிந்த கொட்டை, பணியாரத்துக்குக் களி எடுத்த கொட்டை எல்லாம் வேலியோரம் குவிந்து கிடக்கும். மண்ணைக் கொத்தி இளக்கி மேடாக்கி, சுற்றிவர மட்டை நட்டு, கொட்டைகளை ஒன்றோடொன்று முட்ட அடுக்கி மண் போட்டு மூடவேண்டும். எங்கள் வீட்டில் பாத்திக்கு எல்லை உண்டு. அண்ணனின் மகனுக்கு ஒரு மூலை, என் மகளுக்கு ஒரு மூலை, நடுவில் ஒரு மட்டை. கிழங்கு கிண்டுவது தையிலோ மாசியிலோதான். அதுவரை பொறுக்காமல் கார்த்திகையிலேயே ஒன்றைக் கிளறிப் பார்ப்பது இந்த வயதுக்காரரின் பிறப்புரிமை, நான் கண்டும் காணாத மாதிரி இருந்துவிடுவேன். அப்பம்மாவுக்குத் தெரிந்தால் பேச்சு விழும்.

அப்புறம், விறகைப் பற்றி எழுதியவருக்கு ஒன்று: பனையில் இருந்து விழுகிற பன்னாடையும் கங்குமட்டையும் ஒரு சாக்கில் கட்டிப் பரணில் போட்டு வையுங்கள். எந்த மழைக்கும் அடுப்பு பத்தும். ஊமல், அதுதான் கிழங்கு எடுத்த பிறகு மிஞ்சுகிற காய்ந்த பனங்கொட்டை, கிடைத்தால் அதைவிட நல்லது, தணல் நெடுநேரம் நிற்கும்.

நெடுங்கேணிப் பக்கத்தில் இருந்து

பாம்புக் கதை வந்தபடியால் யானைக் கதையும் வரட்டும். தீபாவளிக்கு முதல் நாள். அம்மா கேதாரகௌரி விரதம் பிடித்திருந்தா. அடுத்த நாள் பாறணைக்கும் காப்புக் கட்டுக்கும் என்று பலகாரம் சுட்டு முடிய நேரம் பிந்திவிட்டது. கரண்டும் இல்லை. நாய் குரைக்கவில்லை, தொண்டைக்குள் உறுமிக்கொண்டு கதிரைக்குக் கீழே போய்ப் படுத்தது. யானைக்குத்தான் அது அப்படிச் செய்யும். பன்றி வந்தால் ஓடிப்போய்க் குரைக்கும், மனிதர் வந்தால் நின்று குரைக்கும்.

பின்பக்கம் வாழை முறிகிற சத்தம். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. அந்த இடைவெளிதான் பொல்லாதது. அப்பா விளக்கை ஊதி அணைத்தார். முகத்துக்கு நேரே வெளிச்சம் அடிக்காதே என்று என் டோர்ச்சை வாங்கி வைத்துக்கொண்டார். முன்கதவால் ஒவ்வொருவராக இறங்கிச் சித்தப்பா வீட்டுக்கு நடந்தோம். அம்மா மட்டும் திரும்பிப் போய் விரதத் தட்டத்தை எடுத்துக்கொண்டு வந்தா. அந்தக் கோபம் அப்பாவுக்கு இன்னும் ஆறவில்லை.

விடியப் பார்த்தால் அறையின் பின் யன்னல் நிலையோடு வெளியே கிடந்தது. நெல்மூட்டை ஒன்று இழுபட்டு முற்றமெல்லாம் நெல். குசினியில் உப்புச் சரை காலி. வடை, முறுக்கு, அரியதரம் ஒன்றையும் தொடவில்லை. "அதுக்கும் இண்டைக்கு விரதம் போல" என்றார் சித்தப்பா.

மின்வேலி இருக்கிறது. மரத்தைச் சாய்த்து வேலியில் விழுத்திவிட்டு அதற்கு மேலால் வரப் பழகிய யானைக்கு அது பெரிய வேலை இல்லை. நட்டஈட்டுப் படிவம் நிரப்பிக் கொடுத்தோம், அதை விடுவோம். இப்போது நாங்கள் செய்வது இதுதான்: படுக்கிற அறையில் நெல்லோ உப்போ வைப்பதில்லை, வாழையை வீட்டுச் சுவரோடு வைப்பதில்லை, உழுந்து விதைத்த பிறகு காவல் கொட்டிலில் தனியே படுப்பதில்லை. காவலுக்கு இரண்டு பேராகப் போனால் நித்திரையும் குறைவு, பயமும் குறைவு. போதாததற்கு அம்மா அவித்துத் தந்துவிடுகிற கச்சானும் (நிலக்கடலை) இருக்கும்.

முள்ளியவளை, இப்போது கனடாவில் ஸ்காபரோ

இங்கே இலை உதிர்கிற காலம். சனிக்கிழமை முழுக்க மேப்பிள் இலை வாருவதும் பெரிய கடதாசிப் பைகளில் அடைத்துத் தெருவோரம் வைப்பதும்தான் வேலை. என் பிள்ளைகளுக்கு அது தலைகீழாகப் பாடம். போன முறை ஐப்பசியில் ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்தபோது அம்மம்மா ஆளுக்கொரு விளக்குமாறு கொடுத்து முற்றம் கூட்டவிட்டா. மாவிலை, தேக்கிலை, வேம்பு எல்லாம் ஒரு குவியல். மகன் கேட்டான், பை எங்கே என்று. "என்னத்துக்குப் பை? தென்னைக்குக் கீழ தள்ளு" என்றா அம்மம்மா. அவன் நம்பாமல் என்னைப் பார்த்தான். இலை வளவை விட்டுப் போகத் தேவையில்லை என்பது அவனுக்குப் பெரிய செய்தி. இங்கே வந்ததும் பின் முற்றத்து ஒற்றை அப்பிள் மரத்துக்குக் கீழே இலையைக் குவித்துவிட்டு, பை வாங்குகிற காசு மிச்சம் என்று என்னிடம் பாதி கேட்டான்.

மழை விட்ட ஒரு காலையில் அம்மம்மா வேலியில் முசுட்டை இலை ஆய்ந்து வறை வறுத்தா. அதை மகள் சாப்பிட்டாள் என்று சொன்னால் என் கணவர் இன்னும் நம்பவில்லை.

வருகிற வருசம் எப்போது வரலாம்? கார்த்திகை விளக்கீடும் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் நிற்கிறார்கள்.

கண்டாவளையில் இருந்து

விளக்கீட்டுக்கு வருவதென்றால் மழையையும் கணக்கில் எடுங்கள். நாங்கள் பந்தத்துக்குத் துணியைப் புரட்டாதி வெயிலிலேயே காயவைத்துத் தகரப் பேணியில் மூடி வைத்துவிடுவோம். கார்த்திகையில் துணி காய வெயிலுக்கு எங்கே போவது? தடியில் இறுகச் சுற்றி எண்ணெயில் ஊறவிட்டால் தூறலுக்கும் எரியும். படலையடி, கிணற்றடி, மாட்டுக்கொட்டில், எருக்கும்பி என்று ஒன்றும் தப்பாமல் நடவேண்டும். எருக்கும்பிக்கு ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். நெல்லுக்கு அதுவும் வேலை செய்கிறதே என்று நான் சொல்வேன். உண்மைக் காரணம் ஐயருக்குத் தெரிந்திருக்கலாம்.

2018 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. அடையாள அட்டை, காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி, ஐப்பசி பிறந்ததும் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கவிடுவது. அந்த இரவு தண்ணீர் முழங்காலுக்கு வந்த பிறகுதான் அலுமாரித் திறப்பைத் தேடினோம். விதைநெல், கோழி, பாடப் புத்தகம் எல்லாம் போனது. மாட்டை அவிழ்த்துவிட மட்டும் நேரம் இருந்தது. பாடசாலையில் தங்கியிருந்த நாட்களில் பிள்ளைகள் கரம்போட் விளையாடப் பழகிக்கொண்டார்கள். இன்றைக்கும் இரணைமடுக் குளத்தின் வான் கதவு திறக்கப் போகிறார்கள் என்று ஒலிபெருக்கி கேட்டால் மகள் முதலில் பார்ப்பது அந்த ஆணியைத்தான்.

வெள்ளத் தண்ணீரில் கால் வைப்பவர்களும் வயலில் நிற்பவர்களும் எலிக்காய்ச்சல் தடுப்புக் குளிசையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு எடுங்கள். எங்கள் வீட்டுக்காரர் "எனக்கு ஒண்டும் வராது" கட்சி. சோற்றோடு சேர்த்துக் குளிசையையும் மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பேன். விழுங்கின பிறகுதான் குழம்பு.

வட்டக்கச்சியில் இருந்து

ஸ்காபரோக்காரருக்கு: விதைப்பும் பார்க்க வேண்டும் என்றால் ஐப்பசி நடுப்பகுதி. விளக்கீடு என்றால் கார்த்திகைப் பூரணை, அப்போது ஒழுங்கையெல்லாம் சேறு. இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டுமென்றால் ஒன்றரை மாதம் நில்லுங்கள், வேலைக்கு ஆள் தேவைதான். சப்பாத்து வேண்டாம், செருப்புப் போதும். மரவள்ளிக்கிழங்கை மட்டும் மழைக்கு முதல் சாப்பிட்டுவிடுங்கள், பிறகு தண்ணீர் ஏறிவிடும், எவ்வளவு அவித்தாலும் மாவாகாது.

பூநகரிக்காரருக்கு: ஊமல் ஒரு சாக்கு அனுப்ப முடியுமா? பஸ்ஸில் போட்டுவிட்டால் பரந்தனில் இவர் நின்று எடுப்பார். பதிலுக்கு என்ன வேண்டும் என்று சொல்லுங்கள். மயில் கேட்டால் இன்றைக்கே அனுப்பலாம்.