வெயில் அதிகமுள்ள ஊரில் 0டபிள்யூ-20 ஆயில் தாங்குமா?

பாலக்கோட்டுக்காரர்:
வணக்கம். எங்கள் பெட்ரோல் காரின் இலவச சர்வீஸ்கள் முடிந்துவிட்டதால், இனி ஊரிலேயே ஆயில் மாற்றலாம் என்றிருக்கிறேன். மேனுவலில் 0டபிள்யூ-20 என்று போட்டிருக்கிறது. ஆனால் மெக்கானிக், "அது பனி பெய்யும் நாட்டுக்கு உரியது, நம் சித்திரை வெயிலில் தண்ணீராக ஓடிவிடும், 20டபிள்யூ-40 ஊற்றுங்கள்" என்கிறார். அடிக்கடி சேலம் போய், தொப்பூர் கணவாய் ஏறித்தான் திரும்புகிறோம். அப்பாவிடம் 2021 மாடல் டீசல் வண்டியும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே ஆயில் போதுமா?

ஓசூர் பட்டறை:
ஐயா, மேனுவலில் உள்ளதையே ஊற்றுங்கள். டபிள்யூ என்பது வின்டர், அதாவது குளிர்காலம். அதற்கு முன்னால் இருக்கும் எண், குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதை மட்டுமே சொல்கிறது. 0 என்று இருப்பதாலேயே அது வெயிலில் நீர்த்துப்போய்விடாது. சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைப் பின்னால் வரும் எண்தான் சொல்கிறது, அதை 100 டிகிரி செல்சியஸில் அளக்கிறார்கள். அந்தச் சூட்டில் 20 கிரேடின் பாகுத்தன்மை (ஆயிலின் கெட்டித்தன்மை) சென்டிஸ்டோக்ஸ் என்ற அலகில் 6.9 முதல் 9.3 வரை, 30 கிரேடு 12.5 வரை, 40 கிரேடு 16.3 வரை இருக்கும்.

உங்கள் மெக்கானிக் கவனிக்காத ஒன்று இருக்கிறது. தர்மபுரியில் வெளியே 40 டிகிரி அடித்தாலும், ஓடிச் சூடேறிய இன்ஜினோடு ஒப்பிட்டால் அது குளிர்தான். அதனால் காலையில் சாவி திருப்பும்போது எந்த ஆயிலும் தேவைக்கு மேல் கெட்டியாகத்தான் இருக்கும். ஆயில் மேலே ஏறி உராயும் பாகங்களை நனைக்கும் வரையுள்ள அந்தச் சில நொடிகளில்தான் தேய்மானம் மிகுதி. 20டபிள்யூ ஊற்றினால் அந்த நேரம் இன்னும் நீளும். மேலும் இன்றைய பெட்ரோல் இன்ஜின்களில் வால்வு திறக்கும் நேரத்தை ஆயில் அழுத்தத்தைக் கொண்டே மாற்றுகிறார்கள். அதற்காக ஆயில் போகும் நுண்ணிய துவாரங்கள் மெல்லிய ஆயிலுக்காக அமைந்தவை.

காவேரிப்பட்டணம் டீசல்:
டீசல் வண்டியைப் பற்றி நான் சொல்கிறேன். ஒரே ஆயில் வேண்டவே வேண்டாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. ஆயில் எரிந்து மிஞ்சும் சாம்பல் அதில் தங்கினால் பிறகு எரித்து அகற்ற முடியாது. ஆகவே சாம்பல் குறைவான ஆயில்தான் வேண்டும். கிரேடு எண் ஒத்துப்போகிறது என்பதற்காக மட்டும் வாங்கிவிடாதீர்கள். கேனின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் ஏசிஇஏ (ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கம்) சி2, சி3 போன்ற தரக் குறியீட்டை மேனுவலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெட்ரோல் காருக்கு ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம்) எஸ்பி என்றிருந்தால் நல்லது. அது 2020-இல் வந்த தரம், பழைய எஸ்என் கேட்கும் வண்டிக்கும் பொருந்தும்.

அப்பா வண்டியைக் கடைத்தெருவுக்கு மட்டுமே எடுப்பவரானால், ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை அடிக்கடி உருவிப் பார்க்கச் சொல்லுங்கள். வடிகட்டியில் சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்ய இன்ஜின் கூடுதல் டீசல் பீய்ச்சும்போது, பாதியிலேயே வண்டியை நிறுத்தினால் அந்த டீசல் ஆயிலில் இறங்கும். அளவு மேல்கோட்டைத் தாண்டி டீசல் வாடையும் அடித்தால், கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் ஆயிலை மாற்ற வேண்டும். ஆனால் நிறம் கறுத்துவிட்டது என்பதற்காக மட்டும் மாற்ற வேண்டியதில்லை. டீசல் இன்ஜினில் ஆயில் சீக்கிரமே கறுப்பது இயல்பு.

பாலக்கோட்டுக்காரர்:
இருவருக்கும் நன்றி. மேனுவலை மறுபடி பார்த்தேன். 0டபிள்யூ-20 கிடைக்காவிட்டால் 5டபிள்யூ-30 ஊற்றலாம் என்று கீழே எழுதியிருக்கிறது. ஆள் நிறைய ஏற்றி, ஏசி போட்டுக் கணவாய் ஏறுவதற்கு அது மேலா?

ஓசூர் பட்டறை:
தயாரிப்பாளரே அனுமதித்திருப்பதால் தாராளமாக ஊற்றலாம். மைலேஜ் சிறிது குறையும், ஏற்றத்தில் ஆயில் படலம் சற்றுக் கனமாக நிற்கும். எதை ஊற்றினாலும் முழு சிந்தெடிக் ஆயிலாக வாங்கி, ஆயில் ஃபில்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். சீல் உடையாத கேனை உங்கள் கண்முன்னே திறந்து ஊற்றச் சொல்லுங்கள். காலிக் கேனை வெட்டிப் போட்டுவிடுவதும் நல்லது, ஏனென்றால் போலி ஆயில் அடைப்பவர்கள் தேடுவது அந்தக் கேனைத்தான்.