வரைபடத்தில் ஐந்து நாட்களாகக் கப்பல் நகரவில்லை: இதற்கு என்ன பொருள்?

முத்துநகர் அக்கா:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி ஒரு கண்டெய்னர் கப்பலில் மூன்றாம் பொறியாளராகப் பணிபுரிகிறான். கப்பல் கொழும்பிலிருந்து கிளம்பி, செங்கடல் வழியைத் தவிர்த்து, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ராட்டர்டாம் போகிறது என்று புறப்படும் முன் சொன்னான். அன்றிலிருந்து தூத்துக்குடியில் அம்மா காலையில் காபி குடிப்பதற்கு முன்பே என் கைபேசியை வாங்கி, கப்பல்களைக் காட்டும் இணைய வரைபடத்தைத் திறந்துவிடுகிறார்கள். இலங்கையின் காலி நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 45 கடல் மைல் தொலைவில் அந்தப் பச்சை அம்புக்குறி ஐந்து நாட்களாக ஒரே இடத்தில் நிற்கிறது. அதைத் தொட்டால் வேகம் 14.8 நாட் (மணிக்கு 14.8 கடல் மைல்) என்றும், நிலை 'நங்கூரம் பாய்ச்சியுள்ளது' என்றும் வருகிறது. ஓடுகிற கப்பல் எப்படி நங்கூரத்தில் இருக்கும்? தம்பியிடமிருந்து வாட்ஸ்அப் செய்தியும் வரவில்லை. அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பழைய மாலுமி:

சகோதரிக்கு வணக்கம். இரண்டாம் அதிகாரியாகப் பல ஆண்டுகள் கப்பலைச் செலுத்தும் மேடையான பிரிட்ஜில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் விவரிப்பதில் ஆபத்துக்கான அறிகுறி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அந்தப் படத்திற்கு அடிப்படை ஏஐஎஸ் எனப்படும் தானியங்கி அடையாள அமைப்பு. வெளிநாட்டுப் பயணம் செல்லும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் எல்லாம் 2004ஆம் ஆண்டு முடிவதற்குள் இக்கருவியைப் பொருத்தியாக வேண்டும் என்று கடற்பயணப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையான சோலாஸ் விதித்தது. இது விஎச்எஃப் எனும் மிக உயர் அதிர்வெண் வானொலி அலையில் பேசுகிறது. அந்த அலை பூமியின் வளைவைத் தாண்டிப் போகாது. கரையிலுள்ள ஆண்டெனாவுக்குச் சாதாரணமாக 40 கடல் மைல் வரை எட்டும், வானிலை ஒத்துழைத்தால் இன்னும் சற்று அதிகம். காலிக்கு அப்பால் கப்பல் அந்த எல்லையைக் கடந்ததும், கரை கடைசியாகக் கேட்ட இடத்திலேயே குறி நின்றுவிட்டது. நடுக்கடலில் செயற்கைக்கோள்கள் அந்த அலையைப் பிடிக்கின்றன என்றாலும், பெரும்பாலான தளங்கள் அந்தத் தகவலைக் கட்டணம் செலுத்துவோருக்கு மட்டுமே காட்டுகின்றன. ஆகவே, அம்மா இடத்தைப் பார்க்கும் முன், 'கடைசியாகக் கிடைத்த நேரம்' என்ற வரியைப் பார்க்கட்டும். அது ஐந்து நாள் பழையதாக இருந்தால், நீங்கள் பார்ப்பதும் ஐந்து நாள் பழைய படம்தான்.

நிலையைப் பற்றிய உங்கள் சந்தேகம் நியாயமானது. இடமும் வேகமும் ஜிபிஎஸ்ஸிலிருந்து தாமாகவே வருகின்றன. நிலை, சேருமிடம், சேரும் நேரம், கப்பல் நீரில் அமிழ்ந்திருக்கும் ஆழம் ஆகியவற்றை அதிகாரி கையால் பதிய வேண்டும். கொழும்பு வெளிக்கடலில் காத்திருந்தபோது 'நங்கூரம்' என்று பதிந்ததைப் புறப்படும் அவசரத்தில் மாற்ற மறந்திருப்பார்கள். அது தவறுதான், பக்கத்தில் வரும் கப்பலைக் குழப்பும் தவறு. ஆனால் கப்பலுக்கு ஏதும் நேர்ந்ததாக அதற்குப் பொருள் இல்லை.

ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். 14.8 நாட் வேகத்தில் ஒரு நாளைக்கு 355 கடல் மைல். ஐந்து நாளைக்கு ஏறத்தாழ 1,775. கப்பல் இப்போது மொரீசியஸுக்கு வடக்கே ஒரு நாள் பயணத் தூரத்தில் இருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் கரையை நெருங்கும் வரை, அதாவது இன்னும் ஐந்தாறு நாட்களுக்கு, குறி நகராமல் இருந்தாலும் கலங்காதீர்கள்.

எண்ணூர் ஆண்டெனா:

மேலே ஐயா சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் மொட்டை மாடியில் சிறிய ஆண்டெனா வைத்து 162 மெகாஹெர்ட்ஸ் அருகே வரும் இந்தச் செய்திகளைப் பிடித்து ஒரு தளத்திற்கு அனுப்பி வருகிறேன். ஓடும் கப்பல் வேகத்திற்கேற்ப 2 முதல் 10 விநாடிக்கு ஒரு முறை தன் இடத்தைச் சொல்லும். நங்கூரத்தில் இருந்தால் 3 நிமிடத்திற்கு ஒரு முறை. பெயரும் சேருமிடமும் 6 நிமிடத்திற்கு ஒரு முறைதான் வரும். அதனால் என் திரையில் புதிய கப்பல் முதலில் வெறும் ஒன்பது இலக்க வானொலி அடையாள எண்ணாகத் தோன்றி, சில நிமிடங்கள் கழித்தே பெயர் பெறுகிறது.

நீங்கள் சரியான கப்பலைத்தான் பார்க்கிறீர்களா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே பெயரில் பல கப்பல்கள் உண்டு. பெயரும் கொடியும் மாறும், ஐஎம்ஓ எண் எனப்படும் கப்பலின் ஏழு இலக்க நிரந்தர அடையாள எண் மாறாது. அதைத் தட்டச்சுப் பிழையின்றி எழுதியிருக்கிறோமா என்று சோதிக்கவும் வழி உண்டு. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயை அடைத்துக்கொண்டு நின்ற எவர் கிவன் கப்பலின் எண் 9811000. முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கினால் 63, 48, 5, 4, 0, 0, கூட்டினால் 120. கூட்டுத்தொகையின் கடைசி இலக்கமான 0 எண்ணின் ஏழாவது இலக்கத்துடன் பொருந்துகிறது. தம்பியின் கப்பல் எண்ணையும் இப்படிச் சரிபார்த்து, எண்ணைக் கொண்டே தேடுங்கள்.

குளச்சல் கரை:

இந்த வரைபடங்களை முழுக்க நம்பிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 2017இல் கருங்கடலில் ரஷ்யத் துறைமுகமான நோவோரோசிஸ்க் அருகே நின்ற கப்பல்களின் ஜிபிஎஸ், அவை கரையிலுள்ள ஒரு விமான நிலையத்தில் இருப்பதாகக் காட்டியது. தாக்குதல் அச்சமுள்ள கடற்பகுதியில் கேப்டன் ஏஐஎஸ்ஸை அணைத்து வைக்கவும் விதி இடம் தருகிறது. எங்கள் ஊர் விசைப்படகுகளில் பல அந்தப் படத்தில் தென்படுவதே இல்லை. படத்தில் வெறுமையாகத் தெரியும் கடலில் எங்கள் ஆட்கள் வலை போட்டுக்கொண்டிருப்பார்கள். பெரிய கப்பலில் கண்காணிப்புப் பணியில் நிற்பவர் திரையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

சகோதரி, தம்பியைக் கப்பலில் ஏற்றிய முகவர் அலுவலகத்தைத் தொலைபேசியில் கேளுங்கள். ஒவ்வொரு கப்பலும் தன் நண்பகல் நிலையை, அதாவது நண்பகலில் தான் இருக்கும் இடத்தை, நாள்தோறும் நிறுவனத்திற்கு அனுப்புகிறது. உங்கள் வீட்டுக்கு வேண்டிய பதில் அதில்தான் இருக்கும்.

முத்துநகர் அக்கா:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐஎம்ஓ எண் சரியாகவே இருந்தது. கடைசி நேரத்தைப் பார்த்தேன். ஐந்து நாளுக்கு முந்தையதுதான். இன்று முகவர் அலுவலகத்தில் பேசினேன். நண்பகல் நிலை தெற்கு 18 பாகை, கிழக்கு 55 பாகை என்று வாசித்துச் சொன்னார்கள். கப்பலின் இணைய இணைப்பு இரண்டு நாளாகப் பழுது என்றும் தெரிவித்தார்கள். அந்த இடத்தை அம்மாவுக்கு வரைபடத்தில் விரலால் தொட்டுக் காட்டினேன். பழைய பச்சைக் குறி இன்னும் காலிக்கு அருகிலேயே இருக்கிறது. நாளை நண்பகலுக்குப் பிறகு மறுபடியும் கேட்டுச் சொல் என்று கூறிவிட்டு அம்மா சாப்பிடப் போனார்கள்.