மறு: மோஷன் ரேஷியோவுக்குத் தமிழில் என்ன? ‘வில்பங்கு’ என்று முன்வைக்கிறேன்

வணக்கம் நண்பர்களே,

> ‘இயக்க விகிதம்’ என்று வைத்துக்கொண்டால் போதாதா? எதற்கு இவ்வளவு நீளமான விவாதம்?

போதாது அண்ணே. காரின் சக்கரம் ஏறி இறங்கும்போது அதோடு சேர்ந்து வில், அதாவது ஸ்பிரிங், எவ்வளவு நகர்கிறது என்பதைச் சொல்லும் எண்தான் மோஷன் ரேஷியோ. எது இயங்குகிறது, எதை எதால் வகுக்கிறோம் என்பது அந்தச் சொல்லில் இல்லை. ஆங்கிலத்திலேயே இந்தக் குழப்பம் இருக்கிறது, சிலர் வில்லின் நகர்வைச் சக்கரத்தின் நகர்வால் வகுக்கிறார்கள், சிலர் தலைகீழாக வகுக்கிறார்கள். அதனால் ஒரே காருக்கு ஓரிடத்தில் 0.7 என்றும் இன்னோரிடத்தில் 1.43 என்றும் போட்டிருக்கும், இரண்டுமே சரிதான்.

போன மாதம் என் தங்கை மகன் தன் ஹேட்ச்பேக்குக்குப் பின்பக்க ஸ்பிரிங் வாங்க ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான். சக்கரத்தில் மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறான், அதுவரை சரி. அப்புறம் தன் காருக்குப் போட்டிருந்த 1.43-ஐ வர்க்கப்படுத்தி வகுத்து, 10 நியூட்டன் ஸ்பிரிங் போதும் என்று எழுதியிருந்தான். உண்மையில் அவன் 0.7-இன் வர்க்கமான 0.49-ஆல் வகுத்திருக்க வேண்டும், விடை 41 நியூட்டன். நான்கு மடங்கு பிழை! அந்த 10 நியூட்டன் ஸ்பிரிங்கைப் போட்டுப் பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து, எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர் போய்ச் சாமான் வாங்கி, பக்கத்துக்கு 100 கிலோ கூடுதலாக ஏற்றினால் வண்டியின் பின்பக்கம் 20 செ.மீ. இறங்க வேண்டும். அவ்வளவு இடம் அங்கே ஏது? வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு வளாக) கார் நிறுத்துமிடத்தின் முதல் மேட்டிலேயே அடிபட்டிருக்கும்.

பையன் கெட்டிக்காரன், கணக்கில் அவனுக்குக் குறையில்லை. சொல்தான் அவனுக்கு வழிகாட்டவில்லை. அதனால்தான் இதை இத்தனை அழுத்தமாக எழுதுகிறேன்.

என் முன்மொழிவு வில்பங்கு. சக்கரம் 10 மி.மீ. ஏறினால் அதில் வில்லுக்குக் கிடைக்கும் பங்கு எவ்வளவு? 7 மி.மீ. என்றால் வில்பங்கு 0.7. பங்கு என்றாலே முழுமையில் ஒரு பகுதி என்று யாருக்கும் புரியும், 1.43 என்று யாராவது சொன்னால் உடனே காதில் இடறும். நம் சிங்கப்பூரின் தமிழ்க் கணினி முன்னோடி நா. கோவிந்தசாமி இன்டர்நெட்டுக்கு ‘இணையம்’ என்று சொன்னபோது வலையைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை, அது செய்யும் வேலையை, இணைப்பதை எடுத்துக்கொண்டார். அந்த வழிதான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆங்கிலச் சொல்லின் அகராதிப் பொருளைப் பிடித்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதற்கு, சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவே அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷனை, வேலையிலிருந்து நிறுத்திவைப்பதைச் சொல்லும் ‘இடைநீக்கம்’ என்று எழுதியிருக்கும் கார் கட்டுரைகளே சாட்சி.

> ஏன் வர்க்கம் வருகிறது? ஒருமுறை பெருக்கினால் போதாதா?

கதவைக் கீலுக்குப் பக்கத்தில் கை வைத்துத் தடுத்துப் பாருங்கள். கதவின் விளிம்புதான் சக்கரம், உங்கள் கைதான் வில். விளிம்பு நிறைய நகரும்போது உங்கள் கை கொஞ்சம்தான் நகரும், அதாவது வில் குறைவாகவே அமுங்குகிறது, குறைவான விசையையே தருகிறது. அந்தக் குறைந்த விசையும் விளிம்புக்குப் போய்ச் சேரும்போது இன்னும் குறைந்துவிடுகிறது. ஒரே நெம்புகோல் இரண்டு முறை பிடித்தம் செய்கிறது, அதனால் 0.7 × 0.7.

காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் கார் பட்டறைகளுக்குப் போனால் “அந்த வண்டிக்கு 6 கிலோ போட்டாங்க, இதுக்கும் அதையே போடு” என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். வில்பங்கு 0.95 உள்ள வண்டியில் மில்லிமீட்டருக்கு 6 கிலோ ஸ்பிரிங் சக்கரத்தில் 5.4 ஆகிறது, 0.7 உள்ள வண்டியில் அதே ஸ்பிரிங் 2.9-தான். இங்கேதான் இன்னொரு சொல்லும் வேண்டும். ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதுதான் ஸ்பிரிங் ரேட், அதை ‘வில் விகிதம்’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள், அது விகிதமே இல்லை. ஸ்பிரிங்கில் அளந்தால் வில்விறைப்பு, சக்கரத்தில் அளந்தால் சக்கர விறைப்பு என்று இரண்டையும் வைத்தால் வாய்பாடு தமிழிலேயே வந்துவிடுகிறது: சக்கர விறைப்பு என்பது வில்விறைப்பை வில்பங்கின் வர்க்கத்தால் பெருக்கியது.

> புணர்ச்சிப்படி ‘விற்பங்கு’ என்றுதானே வரும்?

இலக்கணம் அதுதான், மறுக்கவில்லை. ஆனால் விற்பங்கு என்றதும் விற்பனையும் பங்குச் சந்தையும்தான் மனத்தில் வருகின்றன. கலைச்சொல்லில் தெளிவுக்காக இயல்பாகவே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. இதில் தமிழாசிரியர்கள் சொல்வதைக் கேட்க ஆவலாக இருக்கிறேன்.

எனக்கு இன்னும் தீராதது ஒன்று, டுவிஸ்ட் பீம், அதாவது இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும், முறுக்கிக்கொள்ளக்கூடிய உத்தரம். 1974-இல் வந்த முதல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃபிலேயே இது இருந்தது, இன்றும் சிறிய ஹேட்ச்பேக்குகளில் பெரும்பாலும் இதுதான். இரண்டு பின்சக்கரங்களும் சேர்ந்து ஏறினால் அந்த உத்தரம் முறுக்கப்படுவதில்லை, வில்கள் மட்டும் தாங்கும். வளைவில் ஒன்று ஏறி ஒன்று இறங்கும்போதுதான் அது முறுக்கிக்கொண்டு தன் விறைப்பையும் சேர்க்கிறது. அதனால் ஸ்பிரிங்கை 30 விழுக்காடு கூட்டினாலும் சாய்வை எதிர்க்கும் விறைப்பு 30 விழுக்காடு கூடாது, அதில் ஒரு பகுதி உத்தரத்துடையது. இதற்கு ‘முறுக்குத் தண்டு’ என்று முந்தைய மடலில் ஒருவர் சொல்லியிருந்தார். அது டார்ஷன் பாருக்குத்தான் பொருந்தும், அங்கே முறுக்கிக்கொள்ளும் தண்டுதான் வில். இங்கே வில் தனி, உத்தரம் தனி. ‘முறுக்குத்தரம்’ என்று சேர்த்து எழுதிப் பார்த்தேன், தரம் என்று படித்துவிடுகிறார்கள். ‘முறுக்கு உத்தரம்’ என்றே பிரித்து வைக்கலாமா? வேறு நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்,
உட்லண்ட்ஸிலிருந்து