பெர்மாங்கனேட் டைட்ரேஷன் கணக்கு: மோலாரிட்டி ஏன் இரண்டரை மடங்கு வருகிறது?

கூம்புக்குடுவை:
பிளஸ் டூ. நாளை மறுநாள் வேதியியல் தேர்வு. வீட்டுப்பாடத்தில் இந்த ஒரு கணக்கு மட்டும் இடிக்கிறது.

3.15 கிராம் படிக ஆக்சாலிக் அமிலத்தைக் கரைத்து 500 மி.லி. ஆக்கியிருக்கிறார்கள். அதில் 20 மி.லி. எடுத்து, நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, சூடாக்கித் தரம்பார்த்தால் (டைட்ரேஷன்) 19.2 மி.லி. பொட்டாசியம் பெர்மாங்கனேட் செலவாகிறது. பெர்மாங்கனேட்டின் மோலாரிட்டி (லிட்டருக்கு எத்தனை மோல்) என்ன?

நான் போட்டது: மோலார் நிறை 126, எனவே 3.15 ÷ 126 = 0.025 மோல்; அது அரை லிட்டரில் இருப்பதால் 0.05 மோலார். பிறகு 0.05 × 20 ÷ 19.2 = 0.052. ஆனால் விடை 0.0208 என்று இருக்கிறது. எங்கே தப்பு? சமன்பாட்டைச் சமன் செய்யும்போதும் ஹைட்ரஜன் அயனி எனக்கு ஒரு தடவை 16, ஒரு தடவை 6 என்று வருகிறது.

பிப்பெட்:
போட்ட வழியையும் சேர்த்துக் கேட்டது நல்லது, தப்பு உடனே தெரிகிறது. 126 எடுத்தது சரி. படிகத்தில் 2 நீர் மூலக்கூறுகள் இருக்கின்றன. பலர் அதை மறந்து 90 போட்டு மாட்டிக்கொள்வார்கள்.

இடறியது கடைசி வரியில். "மோலாரிட்டி × கனஅளவு" இரண்டு பக்கமும் சமம் என்பது ஒன்றுக்கு ஒன்று வினைபுரிந்தால்தான் செல்லும். இங்கே 2 மோல் பெர்மாங்கனேட்டுக்கு 5 மோல் ஆக்சாலிக் அமிலம். ஆகவே உங்கள் 0.05208ஐ 2ஆல் பெருக்கி 5ஆல் வகுங்கள்: 0.0208. நீங்கள் இரண்டரை மடங்கு அதிகமாக எடுத்தது அந்த 5க்கு 2தான்.

நார்மாலிட்டியில் (லிட்டருக்கு எத்தனை சமான எடை) போட்டால் இந்த விகிதம் தானாகவே அடங்கிவிடும். சமான எடை என்பது மோலார் நிறையை, ஒரு மூலக்கூறு இழக்கும் அல்லது ஏற்கும் எலக்ட்ரான் எண்ணிக்கையால் வகுத்தது; ஆக்சாலிக் அமிலத்துக்கு 126 ÷ 2 = 63. லிட்டருக்கு 6.3 கிராம் என்றால் 0.1 நார்மல். 0.1 × 20 ÷ 19.2 = 0.1042 நார்மல். 5ஆல் வகுத்தால் அதே 0.0208 மோலார். லிட்டருக்கு எத்தனை கிராம் பெர்மாங்கனேட் என்று கேட்டால், அதன் சமான எடை 31.6ஆல் பெருக்குங்கள்: 0.1042 × 31.6 = 3.29. ஒரே கணக்கில் நார்மாலிட்டியில் தொடங்கி மோலாரிட்டியில் முடிப்பதுதான் ஆபத்து. எதில் தொடங்கினீர்களோ அதிலேயே கடைசி வரை போய், தேவைப்பட்டால் இறுதியில் மட்டும் மாற்றுங்கள்.

எலக்ட்ரான் கணக்கு:
16, 6 இரண்டுமே சரி! எதை எழுதித் தொடங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது.

மாங்கனீசு +7இலிருந்து +2க்கு இறங்குகிறது: 5 எலக்ட்ரான் ஏற்பு. கார்பன் +3இலிருந்து +4க்கு ஏறுகிறது. ஒரு ஆக்சலேட்டில் இரண்டு கார்பன், ஆக 2 எலக்ட்ரான் இழப்பு. சமமாக்க 2 பெர்மாங்கனேட், 5 ஆக்சலேட். பெர்மாங்கனேட்டில் உள்ள 8 ஆக்சிஜனும் 8 நீராகின்றன, அதற்கு 16 ஹைட்ரஜன் அயனி. வலப்பக்கம் 10 கார்பன் டை ஆக்சைடும் வரும்.

ஆக்சலேட் அயனிக்குப் பதில் முழு ஆக்சாலிக் அமிலமாக எழுதினால் 5 அமில மூலக்கூறும் சேர்ந்து 10 ஹைட்ரஜனைக் கொண்டுவந்துவிடும். வெளியிலிருந்து 6 போதும். முடித்ததும் மின்சுமையைக் கூட்டிப் பாருங்கள்: அயனிச் சமன்பாட்டில் இடப்பக்கம் −2, −10, +16 சேர்ந்து +4; வலப்பக்கம் 2 மாங்கனீசு அயனிக்கு +4. இது பொருந்தாவிட்டால் எங்கோ தவறியிருக்கிறது.

பிப்பெட்:
தேர்வில் "ஏன்" கேள்விகள் இங்கிருந்துதான் வரும், அதையும் பார்த்துவிடுங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் குளோரைடையும் பெர்மாங்கனேட் ஆக்சிஜனேற்றும். பியூரெட் அளவு (செலவாகும் பெர்மாங்கனேட்) கூடும். நைட்ரிக் அமிலம் தானே ஆக்சிஜனேற்றி, அளவு குறையும். கந்தக அமிலம் போதாவிட்டாலோ பெர்மாங்கனேட்டை மடமடவென்று விட்டாலோ பழுப்பு நிற மாங்கனீசு டை ஆக்சைடு படியும். அங்கே 5க்குப் பதில் 3 எலக்ட்ரான்தான் ஏற்கப்படுகிறது, எனவே அதிகம் செலவாகும். பழுப்பு தெரிந்தால் அதைக் காப்பாற்ற முயலாதீர்கள், கொட்டிவிட்டுப் புதிதாக எடுங்கள்.

சூடு 60–70 டிகிரி. குளிர்ந்த கரைசலில் முதல் சில துளிகளின் நிறம் போகவே நேரமாகும். மாங்கனீசு அயனி உருவானதும் அதுவே வினைவேக மாற்றியாகி வேகம் பிடிக்கும். இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் முடிவுநிலை. கரைசல் அடர்நிறம் என்பதால் பியூரெட்டில் மேல் விளிம்பைப் படிக்க வேண்டும்.

கூம்புக்குடுவை:
நன்றி. புரிந்ததா என்று பார்க்க மோர் உப்பு (பெர்ரஸ் அம்மோனியம் சல்பேட்) கணக்கு ஒன்று போட்டேன். 250 மி.லி.யில் 9.8 கிராம், 20 மி.லி.க்கு 20.4 மி.லி. பெர்மாங்கனேட். 9.8 ÷ 392 = 0.025, அதனால் 0.1 நார்மல். 0.1 × 20 ÷ 20.4 = 0.098 நார்மல், 0.0196 மோலார். செய்முறையில் இதையும் 70 டிகிரிக்குச் சூடாக்கி என்று எழுதினேன். சரியா?

எலக்ட்ரான் கணக்கு:
எண்கள் எல்லாம் சரி. இரும்பு ஒரே எலக்ட்ரானை இழப்பதால் மோலாரிட்டியும் நார்மாலிட்டியும் அதற்கு ஒன்றே, 5 மோல் இரும்புக்கு 1 மோல் பெர்மாங்கனேட். ஆனால் "சூடாக்கி" என்பதை அடித்துவிடுங்கள். பெர்ரஸ் அயனி அறை வெப்பத்திலேயே வேகமாக வினைபுரியும். சூடாக்கினால் காற்றிலுள்ள ஆக்சிஜன் ஒரு பகுதியைப் பெர்ரிக் ஆக்கிவிடும், பியூரெட் அளவு குறைந்துவிடும்.