நெல் வைக்கும் கட்டடத்துக்குக் 'கிடங்கு' என்று எழுதலாமா?

இரணைமடுக்காரி:
எங்கள் கமக்காரர் அமைப்பு நெல் வைப்பதற்கு 40 அடிக்கு 20 அடியில் ஒரு கட்டடம் கட்டியிருக்கிறது. செயலாளர் என்பதால் பெயர்ப்பலகை என் பொறுப்பு. 'வெயார்ஹவுஸ்' என்பதற்குத் தமிழ் என்னவென்று கைத்தொலைபேசியில் தேடினேன். 'கிடங்கு' என்று வந்தது. பலகை எழுதுபவர் எழுத்துக் கணக்கில் கூலி வாங்குபவர். நான்கே எழுத்து என்று மகிழ்ந்து எழுதிக் கொடுத்தேன். தலைவர் ஐயா கடதாசியைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, வாழை நடக் கிடங்கு வெட்டுவோம், குப்பை கொட்டக் கிடங்கு வெட்டுவோம். நெல்லை ஏன் கிடங்கில் போட வேண்டும்?" என்றார். கூட்டம் முழுவதும் சிரித்தது. காலபோக அறுவடைக்கு முன் பலகை ஏற வேண்டும். என்ன எழுதுவது?

கண்டாவளைக் கமக்காரன்:
ஐயா சொன்னதுதான் சரி, தங்கச்சி. நமக்குக் கிடங்கு என்றால் பள்ளம். களஞ்சியம் என்று எழுதுங்கள். 2016 இல் சாலாவை இராணுவ முகாமில் வெடித்ததைக்கூட நம் பத்திரிகைகள் ஆயுதக் களஞ்சியம் என்றுதான் எழுதின. முன்பு வளவுக்குள் கொம்பறை நின்றது: தடிகளால் வரிந்து, களிமண்ணும் சாணமும் பூசி, தரையில் படாமல் உயர்த்திய நெற்கூடு. கட்டடத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது, ஆனால் அதன் புத்தி பொருந்தும். மூட்டைகளைச் சீமெந்துத் தரையில் நேரே அடுக்காதீர்கள், அடியில் மரத்தட்டுப் போடுங்கள். ஈரப்பதன் 14 சதவீதத்தைத் தாண்டிய நெல்லை உள்ளே எடுக்கவும் வேண்டாம். பூஞ்சணம் பலகையை வாசித்துவிட்டு வருவதில்லை.

காவிரிக்கரை:
கைத்தொலைபேசியைக் குறை சொல்லாதீர்கள், அது எங்கள் ஊர்த் தமிழைச் சொல்லியிருக்கிறது. இங்கே அரசு நிறுவனத்தின் பெயரே தமிழ்நாடு சேமிப்புக் கிடங்கு நிறுவனம். ஆனால் பழந்தமிழில் கிடங்கு என்பது கோட்டையைச் சுற்றிய அகழி. அந்தப் பள்ளத்தை நீங்கள் விடாமல் வைத்திருக்கிறீர்கள். செட்டியார்கள் சரக்கு வைத்த இடம் கிட்டங்கி. ஆங்கிலக் 'கோடவுன்' மலாய் மொழியின் 'குடாங்' வழியாகப் போனது என்றும், அதன் வேர் தமிழிலோ தெலுங்கிலோ இருக்கலாம் என்றும் சொல்வார்கள்.

கல்முனைப் பேரன்:
எங்கள் பக்கத்தில் கிட்டங்கி என்று ஓர் இடமே இருக்கிறது! சொல்லுக்குச் சொல் பார்த்தால் பண்டகசாலைதான் பொருத்தம்: பண்டத்துக்குச் சாலை.

இரணைமடுக்காரி:
பண்டகசாலை என்றால் கூட்டுறவுக் கடை என்று நினைத்து எங்கள் ஊர்ச் சனம் கூப்பனோடு வந்து நிற்கும், தம்பி. அரிசியும் சீனியும் கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்ல முடியாது. களஞ்சியம் என்றால் 'கலைக்களஞ்சியம்' போலப் புத்தகம் என்று நினைப்பார்களே என்று மகன் கேலி செய்கிறான். இருக்கட்டும், அறிவைக் குவித்து வைக்கும் சொல் நெல்லைக் குவிக்காதா?

'நெற்களஞ்சியம்' என்று எழுதி ஐயாவிடம் காட்டினேன். தலையசைத்தார். நெற்களஞ்சியம் என்றால் எட்டு எழுத்து, கிடங்கைப் போல இரண்டு மடங்கு. மூன்றில் வெறும் புள்ளிதானே என்று கூலியைக் குறைக்கக் கேட்டேன். புள்ளி வைக்கத்தான் கூடுதல் வேலை என்கிறார் பலகை எழுதுபவர்.