ஸ்லாகிங் இண்டெக்ஸ் 0.46 தான், ஆனாலும் பர்னர் பக்கம் கிளிங்கர் (உருகிக் கட்டியான சாம்பல்) பிடிக்கிறதே?

கேள்வி:
தூள் கரி எரிக்கும் பாய்லர். புதுக் கரியில் சாம்பல் 12%, சல்பர் 1.2%. சாம்பல் ரிப்போர்ட்: சிலிக்கா 48, அலுமினா 22, டைட்டானியா 1, ஃபெரிக் ஆக்சைடு 18, கால்சியம் ஆக்சைடு 5, மெக்னீசியம் ஆக்சைடு 2, சோடியம் ஆக்சைடு 0.5, பொட்டாசியம் ஆக்சைடு 1.5. கார-அமில விகிதம் (முதல் மூன்றும் அமிலம், மற்றவை காரம்) 27/71 = 0.38. சல்பர் சதவீதத்தால் பெருக்கினால் ஸ்லாகிங் இண்டெக்ஸ், அதாவது சாம்பல் உருகிச் சுவரில் ஒட்டும் அபாயத்தைச் சொல்லும் எண், 0.46. 0.6-க்குக் கீழே என்றால் பயமில்லை என்பார்கள். ஆனால் பர்னரைச் சுற்றிச் சுவரில் கட்டி கட்டியாகப் பிடிக்கிறது. கணக்கில் எங்கே தப்பு?

பதில் 1:
கணக்கு சரிதான், இந்தக் கரிக்கு அந்த இண்டெக்ஸ் பொருந்தாது. சல்பரால் பெருக்குவதே, இரும்பு பைரைட்டாக (இரும்பும் சல்பரும் சேர்ந்த கனிமம்) இருக்கிறது என்ற அனுமானத்தில்தான். 100 கிலோ கரியில் உங்களுக்கு ஃபெரிக் ஆக்சைடு 2.16 கிலோ, அதாவது இரும்பு 1.5 கிலோ. அத்தனையும் பைரைட் என்றால் சல்பர் மட்டும் 1.7 கிலோ வேண்டும். இருப்பதே 1.2, அதிலும் கொஞ்சம் கரிமச் சல்பராகப் போய்விடும். மீதி இரும்பு சிடெரைட்டாகவோ (இரும்பு கார்பனேட்) களிமண்ணிலோ இருக்க வேண்டும். சல்பர் குறைவதால் இண்டெக்ஸ் இறங்குகிறது, ஆனால் உருக்குகிற இரும்பு குறையவில்லையே! சிலிக்கா விகிதம் போட்டுப் பாருங்கள்: 48/(48+18+5+2), சுமார் 66%. 72-க்கு மேல் இருந்தால்தான் நிம்மதி. சாம்பல் உருகுநிலை சோதனை இரண்டு சூழலிலும் (ஆக்சிஜனேற்றம், ஆக்சிஜன் குறைந்த ஒடுக்கம்) எடுத்தீர்களா?

கேட்டவர்:
எடுத்தோம். முதல் உருமாற்றம் (சாம்பல் கூம்பின் முனை மழுங்கத் தொடங்கும் வெப்பநிலை) ஆக்சிஜனேற்றச் சூழலில் 1280, ஒடுக்கச் சூழலில் 1120 டிகிரி. வேறு கரியோடு பாதிக்குப் பாதி கலந்தால் சரியாகுமா? அதில் சாம்பல் 36%, சிலிக்கா அதிகம்.

பதில் 2:
160 டிகிரி வித்தியாசமா? அப்படியென்றால் இரும்பேதான். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் அது ஃபெரஸ் ஆக்சைடாகி சிலிக்காவை இளக்கிவிடும். ஃபர்னஸ் வெளிவாயில் ஆக்சிஜன் 3.5% காட்டினாலும் ஒரு பர்னர் காற்றில்லாமல் பட்டினி கிடக்கலாம். பர்னர்வாரியாகக் காற்றையும் கரி ஓட்டத்தையும் பாருங்கள். மில்லில் அரைத்த தூள் 200 மெஷ் சல்லடையில் 70% இறங்கினால் மட்டும் போதாது, பெரிய கண்ணுள்ள 50 மெஷ்ஷில் 1–2 சதவீதத்துக்கு மேல் நிற்கக் கூடாது. அந்தப் பெரிய கரித் துகள்தான் சுவரில் மோதி அங்கேயே எரியும்.

கலவை விகிதத்தைக் கரி எடையில் போடாதீர்கள், சாம்பல் எடையில் போடுங்கள். பாதிக்குப் பாதி என்றாலும் உங்கள் கரியின் சாம்பல் 6 பங்கு, அதனுடையது 18 பங்கு, ஆக 25:75. உருகுநிலையைச் சராசரி எடுக்கவே கூடாது. நடு விகிதங்களில் இரண்டையும் விடக் கீழே இறங்குவதுண்டு. 25, 50, 75 சதவீத மூன்று கலவையையும் ஒடுக்கச் சூழலில் சோதித்துவிட்டு முடிவெடுங்கள். சாம்பல் அளவு இரட்டிப்பாகிறது, சூட் புளோயர் (படிந்த சாம்பலை ஊதித் தள்ளும் கருவி) தாங்குமா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.